மாப்பிள்ளை வெட்டாமல் விட்ட முந்நூறு ஏணிகள்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் வணக்கத்துடனும் கொஞ்சம் வெட்கத்துடனும் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் எங்கள் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பெற்றோரையும் மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள். இதுவரை எழுதியது முறைக்கு. இனி எழுதப்போவதைத் தயவுசெய்து தனியாக உட்கார்ந்து படியுங்கள். நிதித்துறை விலாசத்துக்கு அனுப்பினால் இதற்கும் ஒரு கோப்பு எண் போட்டு நாலு பேர் சுருக்கொப்பம் வைத்துவிடுவார்கள் என்பதால்தான் வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். விஷயம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் வழிகாட்டிப் பலகைத் துறைக்கு இந்த வருஷ பட்ஜெட்டில் நீங்கள் ஒதுக்கித் தந்த முந்நூறு ஏணிகளை உடனே வெட்டிவிடுங்கள். மூன்று போதும். நிதியாண்டு முடிய இன்னும் பதினெட்டே நாள்தான் இருக்கிறது. அதற்குள் வெட்டாவிட்டால் முந்நூறும் வந்து இறங்கி, என் பெயரில் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிடும். அடுத்த வருஷம் நான் ஓய்வு பெறும்போது முந்நூறையும் ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைத்தால்தான் எனக்கு ஓய்வூதியம் என்று ஆகிவிடும்.

"முந்நூறு வேணும்னு சான்று கொடுத்துக் கையெழுத்துப் போட்டதே நீங்கதானே மாமா?" என்று நீங்கள் கேட்பது இங்கே எனக்குக் கேட்கிறது. நான்தான் போட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை, அது நீங்கள் நம்புவதற்காகப் போட்ட கையெழுத்து அல்ல. எங்கள் துறையில் ஏணி ஏறுகிற ஆட்கள் ஆறு பேர். ஏணிக்கு ஒருவர் ஏற, ஒருவர் பிடிக்க. ஆக மூன்று ஏணி. சின்னக் குழந்தைகூடப் போடும் கணக்கு இது. ஆனால் மூன்று வேண்டும் என்பதற்காக மூன்று என்று எழுதுகிறவன் அரசாங்கத்தில் பிழைக்க முடியுமா? வெளி வேலையைப் பார்க்கும் மேற்பார்வையாளர், தலைமை அலுவலகம் எப்படியும் குறைக்கும் என்று பத்தாக எழுதுவார். எங்கள் இயக்குநர் நிதித்துறைக்குப் பயந்து பத்தை அறுபதாக்குவார். கடைசியில் அது கணக்கு அதிகாரியான என் மேஜைக்கு வரும். உங்கள் நாற்காலியில் உங்களுக்கு முன்னால் இருந்தவரை, நாங்கள் எல்லோரும் கத்தரிக்கோல் என்று சொல்வோமே அவரை, எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் எந்தக் கோரிக்கையையும் படிக்க மாட்டார். கடைசி இரண்டு பூஜ்யத்தைச் சிவப்பு மையால் அடிப்பார், கையெழுத்துப் போடுவார், அடுத்த தாளை எடுப்பார். அதற்காகவே நான் அறுபதை முந்நூறாக்குவேன். அவர் முந்நூறை மூன்றாக்குவார். மூன்று ஏணி வந்து சேரும். பத்தொன்பது வருஷம் இப்படி நடந்தது மாப்பிள்ளை. அவரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை, ஆனால் அவ்வளவு புரிதலோடு எந்தத் தம்பதியும் குடும்பம் நடத்தியிருக்க மாட்டார்கள். கோரிக்கையோடு ஒரு விளக்கக் குறிப்பும் வைக்க வேண்டும் என்பது விதி. 'பலகைகள் உயரமான இடங்களில் இருப்பதாலும், ஏணிகள் காலப்போக்கில் தேய்வதாலும், வழி தெரியாத பயணிகள் நாட்டின் எல்லாத் திசைகளிலும் காணப்படுவதாலும்' என்று நான் முதல் வருஷம் எழுதியதையே பத்தொன்பது தடவை தட்டச்சு செய்து அனுப்பினேன். அதைப் படித்த முதல் மனிதர் நீங்கள்தான்.

கத்தரிக்கோல் ஓய்வு பெற்றுப் போனதும் அந்த நாற்காலிக்கு நீங்கள் வந்ததும் எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்துதான் பெண்ணையே கொடுத்தேன். ஆனால் நாற்காலி மாறினாலும் சிவப்பு மை மாறாது என்று நினைத்துவிட்டேன். கல்யாணம் முடிந்து முதன்முதலாக எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது நீங்கள் சொன்னது ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "வர்ற வரி நூறுல நாப்பது, பழைய கடனுக்கு வட்டியாவே போயிடுது மாமா. அந்த வட்டியைக் கட்ட மறுபடி கடன் வாங்குறோம். ஒவ்வொரு துறையும் நிஜமாத் தேவைப்படுறதை மட்டும் கேட்டாலே பாதிக் கடன் வேண்டாம். உங்களை மாதிரி நேர்மையானவங்க துறைக்கு ஒருத்தர் இருந்தாப் போதும்." எனக்குப் புரையேறிவிட்டது. உங்கள் அத்தை ஓடிவந்து உச்சந்தலையில் தட்டி, "யாரோ உங்களை நினைக்கிறாங்க" என்றாள். நாட்டுக் கடனைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தால் பிறந்த குழந்தைக்கும் ஒரு பங்கு வருகிறது என்று நீங்கள் சொன்னதும், "என் தலைக்குமா? நான் யார்கிட்டயும் அஞ்சு காசு வாங்கலையே! கொடுத்துல்ல வச்சிருக்கேன்?" என்று அவள் சண்டைக்கு வந்தாள். நீங்கள் சிரித்தீர்கள். நான் அந்தச் சமயத்திலேயே 'மாப்பிள்ளை, ஏணி விஷயமா ஒரு வார்த்தை' என்று ஆரம்பித்திருக்க வேண்டும். 'உங்களை மாதிரி நேர்மையானவங்க' என்ற சொல் இனித்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஒதுக்கீட்டுக் கடிதம் வந்த அன்று நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். முந்நூறு. ஒரு பூஜ்யம்கூட அடிபடவில்லை. ஓரத்தில் உங்கள் அழகான கையெழுத்தில், 'தேவை தெளிவாக விளக்கப்பட்டுள்ளது. முழுமையாக ஏற்கப்படுகிறது' என்று இருந்தது. இயக்குநர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கெட்டிக்காரர் சார் நீங்க! மாப்பிள்ளையை எங்க உட்கார வைக்கணுமோ அங்க உட்கார வச்சிருக்கீங்க!" என்றார். முப்பது வருஷத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. "மூணு வாங்கிக்கிட்டு மீதியைத் திருப்பிடலாம் சார்" என்றேன். அவர் பதறிப்போனார். "திருப்புறதா? ஒரு தடவை திருப்பினா, இவங்களுக்கு ஏணியே வேண்டாம் போலிருக்குன்னு அடுத்த வருஷம் மூணையும் நிறுத்திடுவாங்க. நாட்டுக் கடன் தலைக்கு மேல போயாச்சு. சாண் போனா என்ன, முழம் போனா என்ன? வாங்கிப் போடுங்க!" என்றார்.

இருந்தும் நான் அவருக்குத் தெரியாமல் ஐந்து பிரதியில் ஒப்படைப்புப் படிவம் நிரப்பி அனுப்பினேன். அதில் 'ஏன் கேட்டீர்கள், ஏன் வேண்டாம் என்கிறீர்கள்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. உண்மையை எழுதினால் வேலை போகும், பொய்யை எழுத மனசு வரவில்லை. இரண்டு கட்டத்திலும் 'சிக்கனம்' என்று எழுதினேன். அந்தப் படிவமும் யாரிடம் வரும்? உங்களிடம்தான் வந்தது. எட்டாம் நாள் திரும்பி வந்தது. 'தங்கள் சிக்கன உணர்வு பாராட்டத்தக்கது. எனினும் பயணிகளின் நலனைச் சுருக்கிச் சிக்கனம் செய்ய வேண்டியதில்லை. முழுத் தொகையையும் பயன்படுத்தவும்' என்று எழுதியிருந்தீர்கள். உடனே உங்கள் வீட்டுக்கு போன் செய்தேன். எடுத்தது மகள். "அப்பா, அவர்கிட்ட ஆபீஸ் விஷயம் வேண்டாம்பா. அவருக்கு உங்க மேல எவ்வளவு மரியாதை தெரியுமா? 'மாமாவுக்குத் தன் துறைக்குன்னு வாய் திறந்து கேட்கவே கூச்சம், பாவம்'னு போறவர் வர்றவர்கிட்டல்லாம் சொல்றார்" என்றாள். போனை வைத்துவிட்டேன். அவரவர் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அரசாங்கச் செலவில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஏணிகள் வர ஆரம்பித்தன. வருஷத்துக்கு மூன்று ஏணி கொடுத்துவந்த ஏணிக்காரர் லாரியில் வந்து இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இதுவரை தொண்ணூற்றிரண்டு வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் இருபத்திரண்டு அடி. எங்கள் அலுவலகத்தின் மிக நீளமான அறை பதினெட்டு அடி. ஆகையால் எந்த ஏணியை எங்கே வைத்தாலும் நாலு அடி ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. தெருவில் போகிறவர்கள் எங்கள் கட்டடத்துக்கு முள் முளைத்திருக்கிறது என்கிறார்கள். நடைவழி முழுக்க ஏணி. இயக்குநர் அறைக்கதவு ஒரு சாண்தான் திறக்கிறது. அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைகிறார், வெளியே வருவதில்லை. தட்டச்சு செய்யும் அம்மாள் ஏணிப் படிகளுக்கு நடுவில் தலையை நீட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார், ஜெயிலில் மனு எழுதுகிறவர் மாதிரி. "இன்னும் எத்தனை சார் வரும்?" என்று தினமும் கேட்கிறார். "இருநூற்றெட்டு" என்று சொன்ன நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

இதில் கொடுமை, பக்கத்துத் தெருவில் இருக்கும் தீயணைப்பு நிலையம். அதன் அதிகாரி சூதுவாது தெரியாத மனிதர். பன்னிரண்டு ஏணி வேண்டும் என்று பன்னிரண்டையே கேட்டு எழுதியிருந்தார். கத்தரிக்கோல் ஓய்வு பெறுவதற்கு முந்தின நாள் பார்த்த கடைசிக் கோரிக்கை அது. அடிப்பதற்கு இரண்டு பூஜ்யம் தேடியிருக்கிறார், இல்லை. பழக்கதோஷத்தில் பன்னிரண்டில் இருந்த ஒன்றையும் இரண்டையும் அடித்துவிட்டுப் போய்விட்டார், ஒரு ஏணியும் வரவில்லை. அந்த அதிகாரி எங்கள் ஜன்னலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏணிகளைப் பார்த்து வாயூறிப்போய் வந்தார். "ஒரு ஆறாவது குடுங்க சார், எங்ககிட்ட இருக்கிறது முதல் மாடியைத் தாண்டல" என்றார். பலகைச் செலவுத் தலைப்பில் வாங்கிய பொருளைப் பலகைக்குத் தவிர வேறெதற்கும் கொடுக்க விதியில்லை என்று இயக்குநர் கதவிடுக்கிலிருந்து சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எரியுற கட்டடத்துல எங்க பலகை ஏதாவது மாட்டியிருந்தாச் சொல்லுங்க, பலகையைப் பார்வையிடன்னு அனுப்பி வைக்கிறேன்" என்றார். போன செவ்வாய்க்கிழமை எதிரே இருக்கும் காகிதக் கிடங்கு நிஜமாகவே பற்றிக்கொண்டது மாப்பிள்ளை. இரண்டாவது மாடி ஜன்னலில் கிடங்குக் கணக்கர் நின்றுகொண்டு, எங்கள் ஏணிகளைக் கையைக் காட்டிக் காட்டிக் கத்தினார். தீயணைப்பு வண்டி வந்தது, அவர்கள் ஏணி அவர் காலுக்கு எட்டு அடி கீழே நின்றது. நானும் தட்டச்சு அம்மாளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒரு ஏணியை உருவிக்கொண்டு ஓடினோம். கணக்கர் இறங்கிவிட்டார், உயிருக்கு ஒன்றுமில்லை. இறங்கினவர் என்னைக் கட்டிக்கொண்டு, "நம்ம தீயணைப்புத் துறைக்கு இவ்வளவு ஏணி இருக்குன்னு தெரியாமப் போச்சே" என்று அழுதார். நான் திரும்பி வந்து வெளியேற்றுப் பதிவேட்டில் 'ஏணி எண் 41, பலகை ஆய்வுக்காக' என்று எழுதினேன். தணிக்கைக்காரர் எந்தப் பலகை என்று கேட்டு நேற்றே கடிதம் அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்கள் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கேட்டது வேறு கேள்வி. "அரசாங்கத்துகிட்டதான் காசே இல்லையே, அப்புறம் ஏணிக்கு ஏது பணம்?" என்றாள். கடன் பத்திரம் விற்று வாங்குகிறார்கள் என்றேன். "எந்தப் பத்திரம்?" என்றாள். பிறகு மெதுவாக எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, இருபத்தைந்து வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கி வைத்திருக்கும் அரசாங்கக் கடன் பத்திரங்களை எடுத்துக்கொண்டு வந்தாள். "அப்போ என் பணத்தை வாங்கித்தான் நீங்க ஏணி வாங்குறீங்க. என் பணத்துக்கு வட்டியை உங்க சம்பளத்துல வரியாப் பிடிச்சு எனக்கே குடுக்கிறாங்க. நடுவுல தொண்ணூத்திரண்டு ஏணி. நல்லா இருக்குய்யா குடும்பம்!" என்றாள். உங்களுக்கும் ஒன்று சொல்லச் சொன்னாள்: "மாப்பிள்ளையை ஏணியை வெட்டச் சொல்லுங்க. அதுக்காகக் கடனை ஒரேயடியா அடைச்சுடறேன்னு கிளம்பிடப் போறார். என் பத்திரத்துக்குப் பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டா நான் அதை எங்க கொண்டுபோய் வைப்பேன்? உங்ககிட்டயா?"

இவ்வளவும் நாட்டு விஷயம். இதற்காக மட்டும் நான் உங்களிடம் என் மானத்தை விட்டு எழுதியிருக்க மாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முந்தாநாள் மகள் அவள் அம்மாவிடம் போனில் அழுதிருக்கிறாள். "ஒரு அலமாரிதாம்மா வேண்டியிருந்துச்சு. நாலு கேட்டேன். நாலும் வாங்கிட்டு வந்துட்டார், தவணையில! கட்டிலைச் சுத்தி அலமாரியா நிக்குது. வேண்டாம்னு சொன்னா, 'நீ கூச்சப்படாதே, உனக்கு வேணும்னா நியாயமாத்தான் இருக்கும்'ங்கிறார். சம்பளத்துல பாதி தவணைக்கே போகுது, போன மாசத் தவணையைக் கட்ட ஆபீஸ்ல கடன் வாங்கியிருக்கார்" என்றாளாம். மாப்பிள்ளை, அவள் மேல் தப்பே இல்லை. அவள் வளர்ந்த வீடு அப்படி. ஒரு பென்சில் வேண்டுமென்றால் நாலு கேட்பாள், நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மூன்றை வெட்டுவேன், ஒன்று கிடைக்கும். நாலு வயசிலிருந்து அவளுக்கு அப்பா என்றால் வெட்டுகிற ஆள். வெட்டாமல் கொடுக்கிற ஒரு மனிதர் உலகத்தில் இருப்பார் என்று நான் அவளுக்குச் சொல்லியே வளர்க்கவில்லை. நாட்டுக் கடனில் என் பங்கு இருநூற்றுத் தொண்ணூற்றேழு ஏணி என்றபோது வெட்கமாக இருந்தது. என் மகள் வீட்டுக் கடனுக்கும் நானே காரணம் என்று தெரிந்தபோது உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, மாமனார் நேர்மையானவர் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எனக்கு அது பெரிய இழப்புதான், ஆனால் விடுங்கள். இனி வரவேண்டிய இருநூற்றெட்டு ஏணியையும் இந்தக் கடிதம் கண்டவுடன் வெட்டுங்கள். வந்ததில் பன்னிரண்டைத் தீயணைப்பு நிலையத்துக்கு மாற்றி ஓர் உத்தரவு போடுங்கள். எங்களுக்கு மூன்று. மீதி எழுபத்தேழை என்ன செய்வது என்று படித்த பிள்ளை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆபீசில் யார் எதைக் கேட்டாலும் ஏற இறங்கப் பாருங்கள். வீட்டில் அவள் நாலு கேட்டால் ஒன்று கொடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள், நிம்மதியாகத் தூங்குவாள். நீங்கள் இருவரும் கடன் கண்ணி இல்லாமல் நீண்ட காலம் சந்தோஷமாக வாழ எங்கள் இருவரின் ஆசிகளும் எப்போதும் உண்டு. மகளை நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மேல் மாறாத அன்புள்ள
மாமனார்
(கணக்கு அதிகாரி, வழிகாட்டிப் பலகைத் துறை)

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்தாள். "வெட்டச் சொல்லிக் குடுத்துட்டீங்க, சரி. வெட்டக் கத்துக்கிட்டவர் முதல்ல எதை வெட்டுவார்? இந்தக் கடுதாசியைத்தானே?" என்றாள். அவள் சொல்வது நியாயமாகப் படுகிறது. ஆகையால் மேலே எங்களுக்கு மூன்று ஏணி என்று எழுதியிருப்பதை முப்பது என்று திருத்தி வாசிக்கவும். தீயணைப்பு நிலையத்துக்குப் பன்னிரண்டு என்பதை நூற்றிருபது என்று கொள்ளவும். நிதியாண்டு முடியப் பதினெட்டு நாள் என்றேன், சரியாக எண்ணினால் இருபத்தாறு இருக்கிறது; நீங்கள் சுறுசுறுப்பாகச் செய்ய வேண்டும் என்று கொஞ்சம் குறைத்தேன். அழுதுவிட்டேன் என்று எழுதியதிலும் பாதியைக் கழித்துவிடலாம். மகளை நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியதில் மட்டும் நான் எதையும் கூட்டவில்லை மாப்பிள்ளை. அதில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.